பள்ளிக்கூடத்தில் புது யந்திரம்: சாவி யார் கையில்?

கரும்பலகைக்குப் பக்கத்தில் இன்று ஒரு திரை வந்து நிற்கிறது. 2018ஆம் ஆண்டு 1, 6, 9, 11 ஆகிய வகுப்புகளுக்கு அச்சான புதிய பாடப் புத்தகங்களில், பாடத்துக்குப் பாடம் ஒரு கட்டம் போட்ட குறியீடு முளைத்தது. செல்போனை அதன் மேல் காட்டினால் பாடம் படமாக ஓடும் என்றார்கள். 2019 ஆகஸ்ட் 26ஆம் தேதி கல்வித் தொலைக்காட்சி தொடங்கியது. 6,029 சர்க்கார் உயர்நிலை, மேல்நிலைப் பள்ளிகளுக்கு ஹைடெக் லேப் வந்தது. 2024ஆம் ஆண்டு தொடங்கி, தொடக்கப் பள்ளிகளில் 22,931 ஸ்மார்ட் வகுப்பறைகள் அமைக்கும் திட்டமும், 79,723 ஆசிரியர்களுக்குக் கைக்கணினி வழங்கும் திட்டமும் நடைமுறைக்கு வந்தன.

ராஜபாளையம், ஸ்ரீவில்லிபுத்தூர் வட்டாரத்து மில் தொழிலாளியும், சேத்தூர், தேவதானம், மம்சாபுரம், வத்திராயிருப்பு பகுதிகளில் கூலி வேலைக்குப் போகும் விவசாயத் தொழிலாளியும் இந்தப் புது யந்திரத்தைப் பற்றி என்ன நினைக்க வேண்டும்? இதை வரவேற்பதா? எதிர்ப்பதா? "நமக்கெதற்கு இந்த வம்பு, வாத்தியார் பார்த்துக்கொள்வார்" என்று ஒதுங்கி நிற்பதா?

ஒதுங்கி நிற்கக் கூடாது என்பதே நமது உறுதியான கருத்து. யந்திரம் என்றால் என்ன என்று இந்த நாட்டில் யாருக்காவது நன்றாகத் தெரியுமென்றால், அது நமக்குத்தான் தெரியும்.

மில் கற்றுக்கொடுத்த பாடம்

நூற்பாலைக்குள் நாற்பது வருஷம் உழைத்த ஒரு சைடரைக் கேட்டுப் பாருங்கள். வைண்டிங்கில் அறுந்த நூலைக் கையால் முடிந்த காலம் ஒன்று இருந்தது. பிறகு ஆட்டோகோனர் வந்தது. அறுந்த நூலை அதுவே தேடிப் பிடித்து ஒட்டிக்கொண்டது. அது ஓர் அற்புதமான யந்திரம். மனித மூளையின் சாதனை. ஆனால் அந்த யந்திரத்தால் தொழிலாளியின் வேலை நேரம் குறைந்ததா? கூலி உயர்ந்ததா? பல பேர் செய்த வேலையை ஒருவர் தலையில் கட்டி, மற்றவர்களைக் கேட்டுக்கு வெளியே நிறுத்தினார்கள். வயலிலும் இதே கதைதான். அறுவடை யந்திரம் வந்து இறங்கியதும், அரிவாளைக் கூரையில் செருகிவிட்டு வேறு கூலி தேடி அலைந்தவர்கள் நமது பெண்கள்.

ஆனால் இதிலிருந்து, யந்திரமே சத்துரு என்ற முடிவுக்கு நாம் வரவில்லை. இங்கிலாந்தில் 1811ஆம் ஆண்டு வாக்கில் நெசவுத் தொழிலாளர்கள் யந்திரங்களை உடைத்தார்கள். அவர்களுடைய ஆத்திரம் நியாயமானது. ஆனால் யந்திரம் வேறு, அதை முதலாளி உபயோகிக்கும் முறை வேறு என்று தொழிலாளி வர்க்கம் பிரித்தறியக் காலம் பிடித்தது என்பதை மார்க்ஸ் தமது "மூலதனம்" நூலில் விளக்கினார். யந்திரம் யார் கையில் இருக்கிறது? யாருடைய நன்மைக்காக ஓடுகிறது? பழுதானால் யார் செலவு? இவைதான் சரியான கேள்விகள். இதே கேள்விகளைப் பள்ளிக்கூட வாசலில் நின்றும் நாம் கேட்க வேண்டும்.

நகையை விற்ற ஆசிரியை

2017ஆம் ஆண்டு விழுப்புரம் மாவட்டம் கந்தாடு கிராமத்து ஊராட்சி ஒன்றியத் தொடக்கப் பள்ளியில் ஓர் ஆசிரியை செய்த காரியம் நாடெங்கும் பேசப்பட்டது. அன்னபூர்ணா மோகன் என்ற அந்த ஆசிரியை தமது நகைகளை விற்று, மூன்றாம் வகுப்புப் பிள்ளைகளின் வகுப்பறைக்கு ஸ்மார்ட் போர்டு வாங்கினார். மேஜை நாற்காலிகள் போட்டார். இங்கிலீஷ் புத்தகங்கள் சேர்த்தார். கிராமத்து ஏழைப் பிள்ளைகள் எழுத்தின் ஒலியைப் பிடித்துக்கொண்டு இங்கிலீஷைத் தடுமாறாமல் வாசித்ததைக் கண்டு, கடல் கடந்த தமிழர்கள்கூட வியந்தார்கள்.

அந்த ஆசிரியையின் உள்ளத்துக்கு நாம் தலைவணங்குகிறோம். ஏழைப் பிள்ளைக்குப் பழைய உடைசல் போதும் என்று நினைக்காமல், உயர்ந்ததே வேண்டும் என்று நினைத்தாரே, அதுதான் உண்மையான ஆசிரியரின் குணம்.

ஆனால் பாராட்டிய பத்திரிகைகளும் பிரமுகர்களும் கேட்காத ஒரு கேள்வியை நாம் கேட்கிறோம். சர்க்கார் பள்ளிக்கூடத்துப் பிள்ளை படிக்க, ஆசிரியை ஏன் நகையை விற்க வேண்டும்? வரி வாங்குவது யார்? பள்ளிக்கூடம் யாருடையது? சாயந்தரம் கடையில் தீப்பெட்டி வாங்கும் கூலிக்காரனிடமிருந்தும் வரி போகிறதே, அந்தப் பணம் எங்கே? தியாகம் செய்த ஆசிரியைக்கு மாலை போடுவது சுலபம். தியாகம் தேவைப்படாத பள்ளிக்கூடத்தை நடத்துவது சர்க்காரின் கடமை. ஒரு கிராமத்தில் ஓர் ஆசிரியையின் நகையால் நடந்த காரியம், எல்லா கிராமங்களிலும் பொதுப் பணத்தால் நடக்க வேண்டும்.

திரை பாடம் நடத்தாது

இன்னொரு விஷயத்தையும் கந்தாடு நமக்குச் சொல்கிறது. அங்கே பாடம் நடத்தியது போர்டு அல்ல, ஆசிரியை. போர்டு அவர் கையில் ஓர் ஆயுதமாக இருந்தது.

நல்ல ஆசிரியர் இந்த யந்திரத்தை எப்படி உபயோகிக்கிறார் என்று பாருங்கள். இதயம் ரத்தத்தை எப்படி இறைக்கிறது என்ற பாடத்தைப் படத்தில் ஓட விடுகிறார். வால்வு மூடும் இடத்தில் படத்தை நிறுத்துகிறார். "இது மூடாவிட்டால் என்ன ஆகும்?" என்று கேட்கிறார். பதில் தெரியாத பிள்ளையைக் கம்மாய் மடையை நினைத்துப் பார்க்கச் சொல்கிறார். மடை அடைக்காவிட்டால் தண்ணீர் எங்கே போகும் என்று விவசாயத் தொழிலாளியின் மகளுக்குத் தெரியும். அவள் எழுந்து பதில் சொல்கிறாள். வகுப்பே புரிந்துகொள்கிறது. பஞ்சின் இழையைப் பெரிதாக்கிக் காட்டி, அதில் உள்ள முறுக்கு எப்படி நூலாக நிற்க உதவுகிறது என்று விளக்கினால், மில் தொழிலாளியின் மகன் தன் தகப்பன் செய்யும் வேலைக்குப் பின்னால் இருக்கும் விஞ்ஞானத்தைத் தெரிந்துகொண்டு வீட்டுக்குப் போகிறான்.

படத்தை எங்கே நிறுத்துவது, யாரைக் கேட்பது, எந்த உதாரணம் சொல்வது என்பதெல்லாம் எந்தத் திரைக்கும் தெரியாது, ஆசிரியருக்குத்தான் தெரியும். ஆகவே ஆசிரியர் இல்லாத இடத்தில் திரையை வைத்துவிட்டு, "பள்ளிக்கூடம் நவீனமாகிவிட்டது" என்று சொன்னால் அது மோசடி.

இந்த ஆபத்து வெறும் கற்பனை அல்ல. 2009ஆம் ஆண்டுக் கல்வி உரிமைச் சட்டத்தின் கணக்குப்படி, ஐந்து வகுப்புகள் உள்ள ஒரு தொடக்கப் பள்ளியில் அறுபது பிள்ளைகள் வரை இரண்டு ஆசிரியர் போதும். இரண்டு பேர் ஐந்து வகுப்புகளை எப்படிப் பார்ப்பார்கள்? ஒருவர் கூட்டத்துக்கோ பயிற்சிக்கோ போய்விட்டால், மீதி ஒருவர் என்ன செய்வார்? ஒரு வகுப்புக்குப் பாடம் நடத்திக்கொண்டு, மற்ற வகுப்புகளைத் திரையின் முன்னால் உட்கார வைப்பார். அப்போது திரை கற்றுக்கொடுக்கும் கருவியாக இராது. பிள்ளைகளைச் சத்தமில்லாமல் உட்கார வைக்கும் தொட்டிலாகிவிடும்.

2020 போட்டுக் காட்டிய வெளிச்சம்

2020 மார்ச்சில் கொரோனாவுக்காகப் பள்ளிக்கூடங்கள் மூடப்பட்டன. ஒன்று முதல் எட்டு வரை படிக்கும் பிள்ளைகளுக்கு 2021 நவம்பர் 1ஆம் தேதிதான் கதவு திறந்தது. ஏறத்தாழ பத்தொன்பது மாதங்கள். "கவலை வேண்டாம், செல்போனில் படிப்பு நடக்கும்" என்று சொன்னார்கள்.

யாருடைய செல்போனில்? 2017-18ஆம் ஆண்டில் மத்திய சர்க்காரே எடுத்த மாதிரிக் கணக்கெடுப்பு என்ன சொன்னது? கம்ப்யூட்டர் உள்ள வீடுகள் கிராமங்களில் நூற்றுக்கு 4.4, நகரங்களில் 23.4. இன்டர்நெட் வசதி உள்ள வீடுகள் கிராமங்களில் நூற்றுக்கு 14.9, நகரங்களில் 42. இந்தக் கணக்கைக் கையில் வைத்துக்கொண்டே, நாடு முழுவதற்கும் ஆன்லைன் படிப்பு என்று அறிவித்தார்கள்!

தொழிலாளி வீட்டில் இருப்பது ஒரே செல்போன். அது தகப்பனோடு ஷிப்டுக்குப் போய்விடும். அவர் திரும்பி வரும்போது வகுப்பு முடிந்திருக்கும். மூன்று பிள்ளைகள் இருந்தால் அந்த ஒரு போனை யார் பிடிப்பது? பெரும்பாலும் மகன் கைக்குத்தான் போகும். மகள் அடுப்படிக்குப் போவாள். அந்த மாதங்களில் தமிழ்நாட்டில் எத்தனை பையன்கள் பட்டறைக்கும் விசைத்தறிக்கும் போனார்கள், எத்தனை பெண் பிள்ளைகள் மில் வேனில் ஏறினார்கள், எத்தனை பேருக்கு வயது வரும் முன்பே கல்யாணம் நடந்தது என்பதை நமது தெருக்கள் அறியும்.

கேரளத்தில்கூட, டெலிவிஷன் வகுப்பு தொடங்கிய 2020 ஜூன் 1ஆம் தேதியன்று, மலப்புரம் மாவட்டத்தில் ஒரு தலித் கூலித் தொழிலாளியின் மகள் உயிரை மாய்த்துக்கொண்டாள். வீட்டு டி.வி. பழுது, ஸ்மார்ட்போன் இல்லை. அந்த மரணம் அந்த மாநிலத்தையே உலுக்கியது. வாலிபர்களும் ஆசிரியர்களும் வீடு வீடாகப் போய் டி.வி. சேகரித்து இல்லாத வீடுகளுக்குக் கொடுத்தார்கள். யந்திரம் இல்லாத குறை மட்டுமா அந்தச் சிறுமியைக் கொன்றது? மற்றவர்களுக்குக் கிடைப்பது தனக்கு மட்டும் கிடைக்கவில்லை என்ற தீயும்தான். ஏற்றத்தாழ்வான சமூகத்துக்குள் யந்திரத்தை அப்படியே இறக்கினால், அது ஏற்றத்தாழ்வைக் குறைக்காது. பல மடங்கு பெருக்கும்.

தமிழ்நாட்டில் அந்தப் பள்ளத்தை ஓரளவு தூர்க்க முன்வந்தது எது? 2021 அக்டோபர் 27ஆம் தேதி தொடங்கிய "இல்லம் தேடிக் கல்வி" திட்டம். அதில் பிள்ளைகளிடம் போனவர்கள் மனிதர்கள். தெருவிலேயே வசித்த தன்னார்வலர்கள், பெரும்பாலும் பெண்கள். திண்ணையில் உட்கார வைத்து எழுத்தைத் திரும்பச் சொல்லிக்கொடுத்தார்கள். செல்போனால் ஆகாததைத் திண்ணை செய்தது.

லாபம் யாருக்கு?

ஏழையின் பிள்ளை தவித்த அதே காலத்தில் சிலருக்குப் பண மழை பொழிந்தது. பைஜூஸ் என்ற கம்பெனியின் மதிப்பு 2022ஆம் ஆண்டில் 2,200 கோடி டாலர் என்று கொட்டி முழக்கினார்கள். பிள்ளை பின்தங்கிவிடுமே என்ற தாய் தகப்பனின் பயத்தை மூலதனமாக்கி, கடனில் பாடத்தை விற்றார்கள். 2024 ஜூலையில் அந்தக் கம்பெனி திவால் நடவடிக்கைக்குள் போய் விழுந்தது. பணம் கட்டிய பெற்றோரின் கதி? வேலை இழந்த ஆயிரக்கணக்கான ஊழியர்களின் கதி?

அதே 2024 ஜூலையில் மூன்று தனியார் செல்போன் கம்பெனிகளும் ஒருவர் பின் ஒருவராகக் கட்டணத்தை உயர்த்தின. பாடப் புத்தகம் இலவசம். ஆனால் புத்தகத்தில் உள்ள கட்டத்தைத் திறந்து பார்க்க ரீசார்ஜ் போட வேண்டும்! பொதுத்துறை பி.எஸ்.என்.எல்.லைப் பல ஆண்டுகள் 4ஜி இல்லாமல் முடக்கி வைத்துவிட்டு, கல்விக்கான பாதையைத் தனியார் சுங்கச்சாவடியாக்கியவர்கள் மத்திய ஆட்சியாளர்கள்.

2023 ஜூலையில் யுனெஸ்கோ வெளியிட்ட உலகக் கல்வி அறிக்கை, கல்வியில் புகும் இந்தத் தொழில்நுட்பம் யாருடைய நிபந்தனைகளின்படி ஓடும் கருவி என்ற கேள்வியையே தன் தலைப்பாக வைத்தது. அதே ஆண்டு, சகல வசதிகளும் உள்ள ஸ்வீடன் தேசத்தின் சர்க்கார், பள்ளிகளுக்கு மறுபடியும் அச்சுப் புத்தகங்கள் வாங்கப் பணம் ஒதுக்கியது. திரை நிறைந்த நாடே புத்தகத்தின் அருமையை உணர்கிறது. 1875ஆம் ஆண்டிலேயே பென்னிங்டன் நூலகம் கண்ட ஊர் ஸ்ரீவில்லிபுத்தூர். புத்தகமும் வேண்டும், திரையும் வேண்டும் என்று உரக்கச் சொல்ல நமது வட்டாரத்துக்கு முழு உரிமை உண்டு.

ஆசிரியரும் நாமும் ஒரே நுகத்தில்

கைக்கணினி கொடுத்ததும் ஆசிரியரின் வேலை சுலபமாகியிருக்க வேண்டும். நடந்தது என்ன? வருகைப் பதிவு, சத்துணவுக் கணக்கு, சீருடைக் கணக்கு, தேர்வு மதிப்பெண் எல்லாவற்றையும் "எமிஸ்" என்ற தளத்தில் ஏற்ற வேண்டும். 2022 ஜூனில் தொடங்கிய "எண்ணும் எழுத்தும்" திட்டத்தில் சின்னப் பிள்ளைகளின் மதிப்பீட்டையும் செயலியில் ஏற்ற வேண்டும். சிக்னல் கிடைக்காவிட்டால் மரத்தடிக்கு ஓட வேண்டும். "பாடம் நடத்த விடுங்கள்" என்று ஆசிரியர் சங்கங்கள் வருஷக்கணக்கில் குரல் கொடுத்தன.

தோழர்களே, இது நமக்குப் பழக்கமான துன்பமல்லவா? நூறு நாள் வேலையில் 2023 ஜனவரி 1 முதல் செல்போன் செயலியில் இரண்டு வேளை படம் எடுத்து வருகைப் பதிவு செய்வது கட்டாயமாக்கப்பட்டபோது என்ன நடந்தது? மண் வெட்டியவள் அங்கே நிற்கிறாள். ஆனால் படம் ஏறவில்லை. ஆகவே கூலி இல்லை! உழைப்பவனைச் சந்தேகிக்கும் யந்திரம், உழைப்பவனுக்கு உதவும் யந்திரம் ஆகாது. வயலில் நம்மைக் கண்காணித்த அதே புத்திதான் வகுப்பறையில் ஆசிரியரைக் கண்காணிக்கிறது. ஆகவே ஆசிரியரின் கோரிக்கை நமது கோரிக்கை.

இன்னொரு அநீதியும் உண்டு. கம்ப்யூட்டர், ஓவியம், தையல், உடற்பயிற்சி கற்பிக்க 2012ஆம் ஆண்டில் 16,549 பகுதிநேர ஆசிரியர்கள் நியமிக்கப்பட்டார்கள். மாதச் சம்பளம் 5,000 ரூபாய்! பிறகு போராடிப் போராடிச் சில ஆயிரம் கூடியது. பணி நிரந்தரம் கேட்டு அவர்கள் சென்னை வீதிகளில் ஆண்டுக்கணக்கில் உட்கார்ந்தார்கள், கைதானார்கள். லட்சக்கணக்கில் யந்திரம் வாங்கப் பணம் உண்டு. அதை இயக்கக் கற்றுக்கொடுக்கும் மனிதனுக்கு வயிறார ஊதியம் கொடுக்கப் பணமில்லையாம்! யந்திரத்தை வாங்கினால் கம்பெனிக்கு லாபம். மனிதனை நியமித்தால் யாருக்கு லாபம்? இதுதான் ரகசியம்.

மத்திய சர்க்காரின் வஞ்சகமும் கேரளத்தின் வழியும்

இந்த நிலையில் மத்திய சர்க்கார் செய்தது என்ன? பி.எம்.ஸ்ரீ திட்டத்தில் கையெழுத்துப் போடவில்லை என்ற காரணத்துக்காக, 2024-25ஆம் ஆண்டுக்குத் தமிழ்நாட்டுக்குச் சேர வேண்டிய சமக்ர சிக்ஷா நிதி 2,152 கோடி ரூபாயைத் தராமல் நிறுத்தியது. 2025 மே மாதம் மாநில சர்க்கார் சுப்ரீம் கோர்ட்டுக்குப் போக நேர்ந்தது. நமது வரிப்பணத்தை நமது பிள்ளைகளுக்குத் தர, தேசியக் கல்விக் கொள்கையை விழுங்கு என்று நிபந்தனை! 1953ல் அரை நேரப் படிப்பு, அரை நேரம் அப்பன் தொழில் என்று ராஜாஜி கொண்டுவந்த திட்டத்தை இந்த மண் ஓராண்டில் தூக்கி எறிந்தது. 1954ல் முதலமைச்சரான விருதுநகர் காமராஜர் அதைக் கைவிட்டார். பின்னர் பள்ளிகளைத் திறந்தார், மதிய உணவு போட்டார். அந்தப் பாரம்பரியம் உள்ள மாவட்டத்து மக்கள் இந்த மிரட்டலுக்குப் பணிய முடியாது.

வழி இல்லையா? உண்டு. கேரளத்தில் 2001ஆம் ஆண்டிலேயே பள்ளிகளில் கம்ப்யூட்டர் கல்விக்கான திட்டம் தொடங்கியது. 2016க்குப் பின் இடது ஜனநாயக முன்னணி ஆட்சியில் 45,000 வகுப்பறைகள் ஹைடெக் வகுப்பறைகளாயின. 2020 அக்டோபர் 12ஆம் தேதி மாநிலத்தின் பொதுக் கல்வி முழுமையும் டிஜிட்டல் மயமானதாக அறிவிக்கப்பட்டது. முக்கியமான விஷயம்: வெளிநாட்டு ஏகபோகக் கம்பெனியின் மென்பொருளுக்கு விலை கொடுக்காமல், எல்லோரும் இலவசமாக உபயோகித்து, திருத்தி, தாய்மொழியில் மாற்றிக்கொள்ளக்கூடிய சுதந்திர மென்பொருளை அவர்கள் தேர்ந்தெடுத்தார்கள். முதலில் ஆசிரியருக்குப் பயிற்சி கொடுத்தார்கள். யந்திரத்தின் சாவியைப் பொதுமக்கள் கையில் வைத்தார்கள்.

தமிழுக்கு இந்தத் துறையில் என்ன குறை? விசைப்பலகைக்கு 1999லேயே "தமிழ்99" என்ற தர அமைப்பு வகுத்தோம். 2001ல் இணையத்தில் தமிழுக்கென ஒரு பல்கலைக்கழகம் கண்டோம். 2023 ஜூலையில் வந்த பள்ளிப் பாடச் செயலிக்கு வள்ளுவரின் சொல்லை எடுத்து "மணற்கேணி" என்று பெயர் வைத்தார்கள். பெயர் நன்று. ஆனால் மணலைத் தோண்டினால்தான் நீர் ஊறும். தோண்டும் கருவி எல்லாப் பிள்ளைக்கும் கிடைக்க வேண்டும்.

நமது கோரிக்கைகள்

2018ல் விருதுநகர் மாவட்டத்தை நாட்டின் பின்தங்கிய மாவட்டங்களின் வரிசையில் மத்திய சர்க்கார் சேர்த்தது. 2023 பிளஸ் டூ பரீட்சையில் அதே மாவட்டம்தான் நூற்றுக்கு 97.85 தேர்ச்சி பெற்றுத் தமிழ்நாட்டில் முதலிடத்தில் நின்றது! நமது பிள்ளைகளின் மூளை பின்தங்கவில்லை. அவர்களுக்குச் செய்ய வேண்டியதில்தான் ஆட்சியாளர்கள் பின்தங்கினார்கள். ஆகவே நாம் கோருகிறோம்:

1. தொடக்கப் பள்ளிகளில் வகுப்புக்கு ஓர் ஆசிரியர் வேண்டும். திரையைக் காட்டி ஆசிரியர் பணியிடத்தைக் குறைக்கக் கூடாது.

2. ஒவ்வொரு லேபுக்கும் நிரந்தரப் பயிற்றுநர் வேண்டும். பகுதிநேர ஆசிரியர்களுக்குப் பணி நிரந்தரமும் காலமுறைச் சம்பளமும் வேண்டும்.

3. பதிவேற்றும் குமாஸ்தா வேலையிலிருந்து ஆசிரியர்களை விடுவித்து, அதற்குத் தனி ஊழியர் நியமிக்க வேண்டும்.

4. மின்சாரம், இன்டர்நெட், பழுதுபார்ப்பு ஆகியவற்றுக்கு ஆண்டுதோறும் நிதி ஒதுக்க வேண்டும். வாங்கி வைத்துப் பூட்டிவிடும் பழக்கம் ஒழிய வேண்டும்.

5. பள்ளி விட்ட பிறகும், விடுமுறை நாளிலும், வீட்டில் வசதியில்லாத பிள்ளைகளுக்காக லேபும் நூலகமும் திறந்திருக்க வேண்டும்.

6. பாடங்கள் நல்ல தமிழில் இருக்க வேண்டும். சுதந்திர மென்பொருளே பயன்பட வேண்டும். பிள்ளைகளைப் பற்றிய விவரங்கள் எந்தக் கம்பெனிக்கும் போகக் கூடாது.

7. கல்வி நிதிக்கு அரசியல் நிபந்தனை போடுவதை மத்திய சர்க்கார் நிரந்தரமாகக் கைவிட வேண்டும்.

கூட்டத்துக்குப் போவோம்

கோரிக்கை எழுதி வைத்தால் நடந்துவிடாது. கல்வி உரிமைச் சட்டத்தின் 21ஆம் பிரிவு ஓர் ஆயுதத்தை நமது கையில் கொடுத்திருக்கிறது. அதுதான் பள்ளி மேலாண்மைக் குழு. அதில் முக்கால்வாசிப் பேர் பெற்றோராக இருக்க வேண்டும். பாதிப் பேர் பெண்களாக இருக்க வேண்டும் என்கிறது சட்டம். ஆனால் கூட்டம் நடக்கும் நேரத்தில் நாம் ஷிப்டில் இருக்கிறோம். அல்லது களை எடுத்துக்கொண்டிருக்கிறோம். நாம் போகாத இடத்தில் காண்டிராக்டரும் ஊர்ப் பெரிய மனிதர்களும் உட்கார்ந்துகொள்கிறார்கள்.

இது மாற வேண்டும். தொழிலாளிக்கு ஓய்வான நேரத்தில் கூட்டம் நடத்தும்படி எழுதிக் கொடுங்கள். சங்கத்தில் முறை வைத்துக்கொண்டு ஆள் போங்கள். ராஜபாளையத்தில் ஸ்பின்னிங் தொழிலாளியும், சத்திரப்பட்டியில் பேண்டேஜ் துணி நெய்பவரும், வத்திராயிருப்பில் நாற்று நடும் தாயும் சேர்ந்து போய் ஐந்து கேள்விகள் கேளுங்கள். இந்தப் பள்ளிக்கு எத்தனை யந்திரம் வந்தது? எத்தனை ஓடுகிறது? எத்தனை ஆசிரியர் இடம் காலி? வாரத்தில் எத்தனை மணி நேரம் என் பிள்ளை அதைத் தொடுகிறது? லேபின் சாவி யாரிடம் இருக்கிறது?

பதிலை எழுதி வாங்குங்கள். பதில் வராவிட்டால் மே தினத்தன்று கூடும் கிராமசபையில் தீர்மானமாகக் கொண்டு வாருங்கள். நகையை விற்ற ஆசிரியையைப் போன்ற நல்லவர்கள் நமது வட்டாரப் பள்ளிகளிலும் இருக்கிறார்கள். அவர்களைத் தனியாக நிற்க விடக் கூடாது. ஆசிரியரும் தொழிலாளியும் கைகோத்தால், பூட்டிய கதவு எதுவாக இருந்தாலும் திறக்கும்.